பழைய மலை சைக்கிளுக்குப் பின் டிஸ்க் பிரேக்: அந்தத் தகடு தாங்குமா?

மலை சைக்கிள் என்ற வண்டி உருவானதிலேயே பின் பிரேக் சூடேறிய கதை ஒன்று இருக்கிறது. 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் கவுன்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊரை ஒட்டிய மண் சரிவு ஒன்றில், பழைய குண்டு டயர் சைக்கிள்களை வைத்துக்கொண்டு சில இளைஞர்கள் பந்தயம் விட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே கூடிய தூரத்தில் சுமார் 400 மீட்டர் இறக்கம். பெரும்பாலும் இருந்தது பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக்தான். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் புகைந்து காலியாகிவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் ஹப்பைப் பிரித்துப் புதிதாக அடைக்க வேண்டும். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி என்று பின்னாளில் பேர் வாங்கியவர்களெல்லாம் அந்தச் சரிவில் இறங்கியவர்கள்தான்.

அதன் பிறகு கான்டிலீவர் வந்தது, 1996-ல் ஷிமானோவின் வி-பிரேக் வந்தது, அப்புறம் டிஸ்க். இன்று சுமாரான விலைக்கு விற்கும் சைக்கிளில்கூட டிஸ்க் இருக்கிறது. மாட்டிக்கொண்டவை நடுவில் வந்த 90-களின் ஸ்டீல் ஃபிரேம்கள். குரோமோலி குழாய், சுத்தமான வெல்டிங், இன்னும் முப்பது வருஷம் ஓடும் உடம்பு. ஆனால் பின் சக்கரத்தின் இடப்பக்கம் டிஸ்க் காலிபரைப் பூட்ட ஒரு காது கிடையாது. அந்தக் காதை வெளியிலிருந்து ஒட்டவைப்பதுதான் இங்கே பார்க்கப்போகும் அடாப்டர் கிட்டின் வேலை.

கையில் எடுத்தால் உள்ளங்கை அளவு அலுமினியத் தகடு. ஒரு முனையில் ஆக்சில் நுழையும் துளை. இன்னொரு முனையில் 51 மி.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள்; டிஸ்க் ஃபிரேம்களில் வரும் பழைய சர்வதேச அளவு இதுதான். இவை தவிர, சீட் ஸ்டே என்கிற சாய்வான மேல் குழாயைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன கிளாம்ப். அவ்வளவுதான் கிட். அதை மாட்டிப் பார்த்தது 90-களின் நடுவில் வந்த டிரெக் 830 ஒன்றில். ஸ்டீல் ஃபிரேம், 26 அங்குல வீல், பின்னால் 135 மி.மீ. இடைவெளி. ஓட்டியது பெரும்பாலும் கோத்தகிரி–மேட்டுப்பாளையம் இறக்கத்தில், நல்ல வெயிலிலும் வடகிழக்குப் பருவமழையிலும்.

கிட் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு முதல் செய்தி: செலவு கிட்டில் இல்லை, வீலில் இருக்கிறது. பழைய ஹப்பில் ரோட்டார் என்கிற பிரேக் வட்டை மாட்ட இடம் கிடையாது. ஆறு போல்ட் ஹப் போட்ட புது வீல் வேண்டும், அல்லது ஹப் மட்டும் வாங்கிப் பழைய ரிம்மில் ஸ்போக் கட்ட வேண்டும். டிஸ்க் பிடிக்கும்போது திருகுவிசை ஹப்பிலிருந்து ரிம்முக்கு ஸ்போக் வழியாகத்தான் போகிறது என்பதால் ஸ்போக்குகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போயிருக்க வேண்டும். நேராக இழுத்துக் கட்டிய வீல் இதற்கு ஆகாது. ஏழு பல்சக்கர கேசட்தான் இருக்கிறதென்றால், எட்டு-ஒன்பது வேக ஹப்பில் 4.5 மி.மீ. வளையம் ஒன்றைப் போட்டுப் பூட்டிவிடலாம். அதைவிடப் பழைய ஃபிரேம்களில் பின் இடைவெளி 130 மி.மீ. இருக்கும். ஸ்டீல் என்றால் விவரம் தெரிந்த மெக்கானிக் அதை 135-க்கு விரித்துத் தருவார். அலுமினியத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

வீலுக்குப் பணம் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் 160 மி.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்று வெட்டி, நடுவில் துளை போட்டு, ஆக்சிலில் செருகி, ஆக்சில் உட்காரும் இடப்பக்க டிராப் அவுட்டின் உள்முகத்திலிருந்து சுமார் 15 மி.மீ. உள்ளே நிறுத்திப் பாருங்கள். ரோட்டார் ஏறத்தாழ அங்கேதான் உட்காரும். அட்டை குழாயில் உரசினால் ரோட்டாரும் உரசும். டிஸ்க்கை நினைத்துப் பார்க்காத காலத்தில் வளைத்த குழாய்கள் என்பதால் சில ஃபிரேம்களில் செயின் ஸ்டே என்கிற கீழ்க் குழாய் உள்ளே வந்து நிற்கும். அங்கேயே இந்தத் திட்டத்தைக் கைவிடலாம்.

காலிபருக்கு ஏவிட் பிபி7. கேபிளில் இயங்குவது, இரண்டு பேடையும் தனித்தனியாகத் திருகிச் சரிசெய்ய முடிவது. ஒட்டுப்போட்ட வேலைக்கு இதைவிடப் பொறுமையான காலிபர் கிடையாது. லிவர் விஷயத்தில் மட்டும் கவனம். வி-பிரேக் லிவர் கேபிளை நிறைய இழுக்கும், கான்டிலீவர் லிவர் கொஞ்சமாக இழுக்கும். மலை சைக்கிளுக்கான பிபி7 வி-பிரேக் லிவரைத்தான் கேட்கும்; கான்டிலீவர் லிவரோடு கட்டினால் லிவர் ஹேண்டில்பாரைத் தொட்டபிறகும் வண்டி போய்க்கொண்டிருக்கும். கேபிளுக்குப் பழைய ஃபிரேமில் பின்கோடி வரை பிடிமானம் இருக்காது. முழு நீளத்துக்கும் அவுட்டர் போட்டு, பிளாஸ்டிக் டையால் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். அழகு பார்க்க முடியாது.

பூட்டிய அன்றைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். நிதானமான வேகத்தில் போய்ப் பல தடவை அழுத்திப் பிடித்து, பேடும் ரோட்டாரும் பழகியபின் தரையில் இழுத்துப் பார்த்தால் கறுப்புக் கோடு விழுகிறது. ஆனால் அதை டிஸ்கின் சாதனையாக எழுத மாட்டேன். ஒழுங்காகக் கட்டிய வி-பிரேக்கும் காய்ந்த சாலையில் பின் வீலைப் பூட்டிவிடும். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் சாய்ந்துவிடுவதால், பின் டயருக்குத் தரையோடு இருக்கும் பிடி அவ்வளவுதான். பின் பிரேக்குக்குக் கூடுதல் பலம் கொடுத்தால் வீல் இன்னும் சீக்கிரம் வழுக்கும், வண்டி சீக்கிரம் நிற்காது.

அந்தச் சின்ன பலத்தைத் தாங்குவதற்கே ஃபிரேம் என்ன பாடுபடுகிறது என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் டயர் வழுக்குவதற்கு முன் தரையில் கொடுக்கக்கூடிய தடை சுமார் 25 கிலோ எடைக்குச் சமம். டயரின் ஆரம் சுமார் 33 செ.மீ. வி-பிரேக் கட்டை பிடிக்கும் ரிம் 27 செ.மீ.யில் இருக்கிறது, ஆகவே கட்டைகள் இரண்டும் சேர்ந்து தாங்குவது 30 கிலோவைச் சுற்றி, இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி. 160 மி.மீ. ரோட்டாரில் பேட் பிடிக்கும் ஆரம் 7.2 செ.மீ. மட்டுமே. அதே 25 கிலோ அங்கே சுமார் 115 கிலோவாகிறது. அத்தனையும் இடப்பக்கத்துக் காலிபர் ஒன்றின் மேல். சக்கரம் முன்னால் சுழலும்போது அது காலிபரையும் சேர்த்து மேலும் முன்னுமாகத் தள்ளுகிறது. தள்ளும் இடம், சுண்டுவிரலைவிடச் சற்றுத் தடித்த ஒரு குழாயின் நடுப்பகுதி. அந்தக் குழாயைச் செய்தவர்கள் அதற்கு அப்படி ஒரு வேலை வரும் என்று எண்ணவில்லை.

கிட்டின் கோளாறு இந்த இடத்தில்தான் எட்டிப் பார்க்கிறது. மலை இறக்கத்தில் ஓடிய பின் ரோட்டார் 'சிங் சிங்' என்று உரசத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் கிளாம்ப் ஒரு நூலளவு நகர்ந்திருக்கிறது. அது பிடித்த இடத்தில் பெயின்ட் அரைபட்டு, ஸ்டீல் பளபளவென்று தெரிகிறது. கிளாம்புக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவது நம் ஊர்ப் பழக்கம். இங்கே அது உதவாது, ரப்பர் நெகிழ்ந்து இன்னும் நகரவிடும். குழாயின் வளைவுக்கு ஏற்ப மெல்லிய அலுமினியத் தகட்டை அடியில் வைத்து இறுக்கியதும் நகர்வது நின்றது. பிரேக் பிடிக்கும்போது கிறீச்சிடுவது மட்டும் குறைந்ததே தவிரப் போகவில்லை. குவிக் ரிலீஸையும் கவனியுங்கள்: காலிபரின் எதிர்விசை ஆக்சிலைக் கீழ்ப்பக்கமாகத் தள்ளுகிறது, டிராப் அவுட்டின் வாயும் கீழ்ப்பக்கம்தான். லேசான அலங்கார ஸ்கியூவர் போட்டிருந்தால் கழற்றி எறிந்துவிட்டு, ஸ்டீல் கம்பியும் மூடிய கேமும் உள்ள ஒன்றைப் போடுங்கள்.

இத்தனை பேசிவிட்டு ஏன் இதை வேண்டாம் என்று சொல்லவில்லை? மழை. ரிம் நனைந்திருக்கும்போது வி-பிரேக் கட்டை முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குத் தண்ணீரைத் துடைப்பதிலேயே காலம் கழிக்கும். சேறு ஒட்டினால் உப்புத்தாள்போல ரிம்மைத் தேய்த்துத் தின்னும். டிஸ்க் இருக்கும் இடத்துக்குத் தண்ணீரும் சேறும் குறைவாக வருகின்றன. மழையிலும் லிவரைத் தொட்டதும் பிடிக்கிறது. வீலில் கொஞ்சம் கோட்டம் இருந்தாலும் டிஸ்குக்குக் கவலையில்லை.

அடுத்தது சூடு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம். அந்த 95 கிலோ கீழே வரும்போது கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 1,400 கிலோஜூல். நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும், மிச்சம் பிரேக்கில்தான் இறங்கும். வி-பிரேக்கில் அந்தச் சூடு ரிம்முக்கும் அதன் வழியே டியூபுக்கும் போகிறது; பஞ்சர் ஒட்டு இளகிப் பிரிவது மலையில் இறங்குபவர்களுக்குத் தெரிந்த கதை. டிஸ்கில் சூடு ரோட்டாரோடு நிற்கிறது. இறங்கி நின்றதும் மட்டும் அதைத் தொட்டுவிடாதீர்கள்: விரல் சுடும், விரலின் எண்ணெய் ஒட்டினால் பேடும் கெடும்.

இன்னொரு வகைக் கிட்டும் உண்டு. அதில் தகடு குழாயைக் கவ்வாது. அதிலிருந்து நீளமான கம்பி ஒன்று மேலேறிப் பழைய வி-பிரேக் பூட்டும் பாஸில் போய் முடியும். கிடைத்தால் இதையே எடுப்பேன். பிரேக் விசையைத் தாங்கவென்றே வெல்டு செய்த இடம் அது. அங்கே கொண்டுபோய் ஒப்படைப்பதுதான் நியாயம். பார்க்கக் கொஞ்சம் கோரமாக இருக்கும்.

கிட்டே வேண்டாம், காதையே வைத்துவிடலாம் என்றால் ஸ்டீலில் அதுவும் நடக்கும், எல்லாவற்றிலும் உறுதியான வழியும் அதுதான். ஆனால் கேட் கிரில் செய்யும் பட்டறையில் கொடுத்துவிடக் கூடாது. குரோமோலிக் குழாயின் சுவர் ஒரு மி.மீ.க்கும் குறைவு, ஆர்க் வைத்தால் ஓட்டை விழும். டிக் வெல்டிங் தெரிந்தவர் அல்லது கேஸில் பித்தளை வைத்து ஒட்டத் தெரிந்த கைகாரர் வேண்டும். ஆக்சிலையும் காலிபரையும் மாட்டிவைத்து அளவு பார்த்தபிறகே காதைப் பிடிக்க வேண்டும். சீட் ஸ்டேக்கும் செயின் ஸ்டேக்கும் இடையில் குட்டிக் குழாய் ஒன்றைக் குறுக்கே வைத்துவிட்டால் விசை இரண்டு குழாய்க்கும் பிரிந்து போகும். சுற்றிலும் பெயின்ட் கருகும், மறுபடி அடிக்க வேண்டும்.

அலுமினிய ஃபிரேமுக்கு இது எதுவும் வேண்டாம். 6061-டி6 குழாயில் வெல்டு வைத்தால் சுற்றுப்பகுதி பலத்தில் ஏறக்குறைய 40 சதவீதத்தை இழக்கிறது. மறுபடி சூளையில் பதப்படுத்தினால்தான் திரும்பும். கிளாம்ப் நகர்ந்து கீறல் போட்டால் அலுமினியத்தில் அதுவே வெடிப்பின் தொடக்கம்.

உண்மையில் வண்டி சீக்கிரம் நிற்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் காசைப் பின்னால் போடாதீர்கள். நிறுத்துவது முன் பிரேக். 1 1/8 அங்குல ஸ்டீயரர் உள்ள ஃபிரேமுக்கு டிஸ்க் காது வைத்த ஃபோர்க் கிடைக்கும். தகடு, கிளாம்ப் ஒன்றும் தேவையில்லை. பழைய ஃபோர்க்கின் உயரத்துக்கு நெருக்கமானதாகப் பார்த்து வாங்கினால் போதும். உயரம் கூடினால் முன்பக்கம் தூக்கி, திருப்பும்போது வண்டி மந்தமாகும். அங்கும் ஆக்சில் விஷயம் உண்டு: காலிபரின் விசை குவிக் ரிலீஸ் சக்கரத்தை ஃபோர்க்கிலிருந்து வெளியே தள்ளும் ஆபத்தை 2003-ல் ஜேம்ஸ் அன்னான் என்ற விஞ்ஞானி எடுத்துச்சொன்ன பிறகே பலரும் கவனித்தார்கள். த்ரூ ஆக்சில் ஃபோர்க் கிடைத்தால், ஹப்பும் அதற்கு ஏற்றதாக மாற்றிக்கொள்ள முடிந்தால், அதுவே மேல்.

முன்னால் டிஸ்க் வந்துவிட்டது, பின் ரிம் தேய்ந்து எப்படியும் வீல் மாற்ற வேண்டும், ஃபிரேம் ஸ்டீல், மழையில் ஓட்டுகிறவர் — இந்த நாலும் பொருந்துகிறவருக்கு மட்டும் இந்தக் கிட்டைச் சிபாரிசு செய்வேன். வாங்கினால் மாதத்துக்கு ஒரு தடவையாவது கிளாம்பை இறுக்கிப் பாருங்கள். இடப்பக்கம் பின் ஆக்சிலை ஒட்டிப் பூட்டும் சைடு ஸ்டாண்டு இனிமேல் உட்காராது. பெடல் அச்சுக்குப் பின்னால் பூட்டும் நடு ஸ்டாண்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கேரியர் வைத்திருந்தால் அதன் இடது காலையும் காலிபர் தடுக்கும். ஒரு வாஷர் அடுக்கும் நீளமான போல்டும் போட்டு வெளியே தள்ளிப் பூட்டினால் நின்றுவிடும், ஆனால் அரிசி மூட்டை ஏற்றாதீர்கள்.