உடைந்த படமும் ஒட்டுப்போடும் பழக்கமும்

ஜிமெயிலில் 25 எம்பியைத் தாண்டிய கோப்பை அப்படியே இணைத்து அனுப்ப முடியாது. படங்கள் நிறைந்த பிபிடி அந்த எல்லைக்குள் தானாக அடங்குவதும் அரிது. அதனால் அனுப்பும் முன் கோப்பைச் சுருக்குவது ஆசிரியர், மருத்துவர், விற்பனைப் பிரதிநிதி என எல்லோருக்கும் பழகிப்போன வேலை. படம் உடைந்திருப்பதும், எழுத்து கலங்கியிருப்பதும், வரிகள் பெட்டிக்கு வெளியே வழிவதும் பெரிய திரையில் போட்ட பிறகுதான் கண்ணில் படும். உடனே அடுத்த பழக்கம் தொடங்குகிறது: கூர்மையைக் கூட்டுவது, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துத் தெளிவாக்கி வாங்குவது. இந்தப் பழுதுபார்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? இடம் மாறிப்போனதை அது நன்றாகவே சரிசெய்கிறது. இழந்துபோனதை மீட்டதாக அது காட்டும்போது மட்டும் நம்பக்கூடாது.

முதலில் சுருக்குதலின் பக்கம் உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பவர்பாயிண்டின் அகலத்திரை ஸ்லைடு 13.33 அங்குல அகலமும் 7.5 அங்குல உயரமும் கொண்டது. அதை முழுவதும் நிறைக்கும் படத்தை 150 பிபிஐக்கு, அதாவது அங்குலத்துக்கு 150 பிக்சலுக்கு, இறக்கினால் 2000 × 1125 பிக்சல் மிஞ்சும். ஃபுல் எச்டி புரொஜெக்டர் காட்டக்கூடியதே 1920 × 1080தான். கைப்பேசியில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே வைத்திருந்தால், நான்கில் மூன்று பங்கு பிக்சல் எந்தக் கண்ணுக்கும் எட்டாமல் கோப்பின் எடையை மட்டும் கூட்டிக்கொண்டிருக்கும். அளவறிந்து சுருக்கினால் அவையில் இருப்பவருக்கு எந்த இழப்பும் இல்லை. கோப்பு வேகமாகத் திறக்கும், பழைய கணினியிலும் திணறாது.

சேதம் தொடங்குவது அதற்கடுத்த படியில். பவர்பாயிண்டில் படங்களைச் சுருக்கும் அளவுகளின் பட்டியலில், மின்னஞ்சலுக்கு என்று 96 பிபிஐ இருக்கிறது. அதைத் தேர்ந்தால் முழு ஸ்லைடு படம் 1280 × 720 ஆகிவிடும். ஃபுல் எச்டி திரையில் அது ஒன்றரை மடங்கு இழுபடும். இன்னொரு சங்கதியைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தக் கணக்கு, படம் ஸ்லைடில் அப்போது பிடித்திருக்கும் இடத்தை வைத்துப் போடப்படுகிறது. மூலையில் சின்னதாக வைத்த படத்தைச் சுருக்கிச் சேமித்துவிட்டு மறுநாள் பெரிதாக்கினால், பெரிதாக்க உள்ளே ஒன்றும் இருக்காது. வெட்டிய பகுதிகளை நீக்கு என்ற கட்டத்தை டிக் செய்திருந்தால், வெட்டி ஒதுக்கியதும் போனது போனதுதான்.

எழுத்துள்ள படங்களின் பாடு இன்னும் மோசம். 1992-இல் தரமாக்கப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. முகத்துக்கும் வானத்துக்கும் இது பொருந்தும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்ற கூரிய எல்லைக்குப் பொருந்தாது. எழுத்தைச் சுற்றிப் புழுதி படிந்தாற்போல் ஒரு கலங்கல் வரும். நிறத் தகவலைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகக் குறைத்துவிடுவதால், நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து தெரியும். தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஸ்கேன் செய்து ஒட்டிய அரசாணையிலோ பழைய புத்தகப் பக்கத்திலோ முதலில் கரைவது புள்ளி. ‘பட்டம்’ என்பது ‘படடம்’ ஆகிவிடும். ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும்.

இனிப் பழுதுபார்ப்பின் பலத்துக்கு வருவோம். எதைத் தொடும் முன்பும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பிபிடிஎக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். நகலெடுத்து, பெயரின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே பிபிடி என்ற கோப்புறையில் மீடியா என்று ஒன்று இருக்கும். ஸ்லைடுகளின் படங்களெல்லாம் அங்கேதான். சந்தேகப்படும் படத்தின் பிக்சல் அளவைப் பாருங்கள். 4000 இருந்தால் படம் உயிரோடு இருக்கிறது, கோளாறு புரொஜெக்டரிலோ அமைப்பிலோ. 640 என்று இருந்தால் கோப்புக்குள் மருந்து கிடையாது. எடை எங்கே தேங்கியிருக்கிறது என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்; பல நேரங்களில் ஒரே ஒரு காணொளியோ ஓரிரண்டு படங்களோதான் பாதிக் கோப்பைத் தின்றிருக்கும்.

எழுத்துருக் கோளாறு முழுவதும் சரியாகக்கூடியது. கோப்பின் அளவைக் குறைக்க எழுத்துருவைப் பொதியாமல் விட்டால், மறுகணினி வேறொன்றைப் போட்டு நிரப்பும். வரி நீளும், பெட்டி வழியும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். ஆனால் உள்ளே இருக்கும் தகவல் அப்படியே இருக்கிறது. எழுத்துருவைப் பொதிந்தால், அல்லது யூனிகோடுக்கு மாற்றினால் திரும்பிவிடும். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பொதியும் வசதி அளவைக் குறைக்கும். பெறுபவர் திருத்த வேண்டியிருந்தால் அது கைகொடுக்காது. படத்தைப் பொறுத்தவரை ‘சேஞ்ச் பிக்சர்’ கட்டளைதான் உண்மையான சிகிச்சை. மூலப் படம் கையில் இருந்தால், இடமும் அளவும் கலையாமல் பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிடலாம்.

மூலப் படம் கையில் இல்லாதபோதுதான் இந்தப் பழக்கத்தின் பலவீனம் வெளிப்படுகிறது. ‘ரீசெட் பிக்சர்’ அழுத்தினால் பழைய படம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அலங்காரங்களைக் களையும். தூக்கியெறிந்த பிக்சலைக் கொண்டுவராது. கூர்மையாக்கும் கருவி எல்லைகளின் வேறுபாட்டை அதிகப்படுத்துகிறது. ஜேபெக் விட்டுச்சென்ற கலங்கலும் ஒரு எல்லைதான் என்பதால் அதையும் சேர்த்தே தூக்கிக் காட்டும். செயற்கை நுண்ணறிவு இன்னொரு படி மேலே போய், இல்லாததை ஊகித்து வரைகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பல்ஸ்’ என்ற மென்பொருள், 2020-இல் பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைத் தெளிவான ஒரு வெள்ளையர் முகமாக்கித் தந்தது. படம் மிகக் கூர்மை, ஆள் வேறு.

முகத்தில் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எண்ணில் நடந்தால்? 2013-இல் ஜெர்மானியக் கணினியியலாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் வொர்க்சென்டர் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது இலக்கங்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். ஒரு வீட்டு வரைபடத்தில் 21.11 சதுர மீட்டர் அறை 14.13 ஆகியிருந்தது. ஒத்த தோற்றமுள்ள துண்டுகளை ஒன்றாகக் கருதி, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்த சுருக்குமுறைதான் காரணம். நிறுவனம் பின்னர் மென்பொருளைத் திருத்தியது. மங்கலான எண்ணைப் பார்த்தால் சந்தேகம் வரும், கேள்வி கேட்போம். பளிச்சென்ற தவறான எண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. தோற்றத்தைச் சரிசெய்யும் எந்த முறையும் அந்தச் சந்தேகத்தைப் பறித்துவிடுகிறது என்பதே அதன் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு.

அதனால் படம் என்ன வேலைக்காக ஸ்லைடில் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அட்டைப் பக்கத்து மலைக்காட்சியை எந்தச் செயலியில் கொடுத்து மெருகேற்றினாலும் யாருக்கும் நட்டமில்லை. எக்ஸ்ரே, வரவுசெலவு அட்டவணை, கல்வெட்டுப் படி, நில வரைபடம் போன்றவை சான்றுகள். இவற்றில் ஊகத்துக்கு இடமே கிடையாது. மூலம் கிடைக்கவில்லை என்றால் மங்கலாகவே காட்டி, மங்கல் என்று வாயால் சொல்லிவிடுவது நேர்மை.

பழி முழுவதையும் பயனர் தலையில் கட்டுவதும் சரியல்ல. லிப்ரே ஆபிஸ் இம்பிரஸ், கோப்பைச் சிறிதாக்கும்போது இதிலேயே மாற்றவா, நகலில் மாற்றவா என்று கேட்கிறது. பவர்பாயிண்டோ, ‘படங்களைச் சுருக்காதே’ என்ற அமைப்பைத் தேடிப்பிடித்து டிக் செய்யாவிட்டால், சேமிக்கும்போதே சத்தமில்லாமல் படங்களை இறக்கிவிடக்கூடும். திரும்பப் பெறமுடியாத ஒரு வேலையைக் கேட்காமல் செய்வது மென்பொருளின் குறைதான்.

மென்பொருள் கேட்காவிட்டாலும் நாம் வேலையின் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அட்டவணையையும் வரைபடத்தையும் ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டாமல் ஸ்லைடிலேயே உருவாக்கினால், அவை எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் உடையாது, எடையும் குறைவு. சுருக்குவதைக் கடைசி வேலையாக, நகலில் மட்டும், 150 பிபிஐக்குக் கீழே போகாமல் செய்தால் போதும். ஒட்டுப்போடும் வேலையில் பெரும்பகுதி அதன்பின் தேவைப்படாது. மிஞ்சுவது எழுத்துருவும் இடஅமைப்பும்தான். அவற்றை எந்தத் தயக்கமும் இல்லாமல் சரிசெய்துகொள்ளலாம்.