போலீஸ் எழுதிய வாக்குமூலமும் மேல்முறையீடும்: இந்தியா, இலங்கை

சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. வரி வசூலும் காவல் வேலையும் ஒரே ஆட்களின் கையில் இருந்த காலம் அது. நிலவரி பாக்கிக்காகவும் திருட்டை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் கிராமத்துக் குடியானவர்கள் வதைக்கப்பட்டதை அந்த அறிக்கை பதிவுசெய்தது. இப்படிப்பட்ட அனுபவங்களின் பின்புலத்தில்தான், போலீஸிடம் சொன்ன குற்ற ஒப்புதலைச் சான்றாக ஏற்கக் கூடாது என்ற விதி 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்தது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-இன் இந்திய சாட்சியச் சட்டத்தில் அது 25ஆம் பிரிவு. இலங்கை 1895-இல் தன் சான்றுக் கட்டளைச் சட்டத்தை இயற்றியபோது, பிரிவு எண்ணைக்கூட மாற்றாமல் அதை எடுத்துக்கொண்டது.

இரு நாடுகளிலும் சாதாரணச் சட்டம் ஏறக்குறைய ஒன்றே. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. காவலில் இருப்பவர் யாரிடம் ஒப்புக்கொண்டாலும், அருகில் மாஜிஸ்திரேட் இருந்தால்தான் செல்லும். விலக்கு 27ஆம் பிரிவில் இருக்கிறது: சொன்னதைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள சொற்களை மட்டும் ஏற்கலாம். "கத்தியைக் கூரையில் செருகி வைத்திருக்கிறேன்" என்பது உள்ளே வரும். "அதனால்தான் குத்தினேன்" என்பது வராது. இரு நாடுகளுக்கும் அன்று இறுதி நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், கோட்டய்யா வழக்கில் இந்தக் கோட்டைத் தெளிவாகக் கிழித்தது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம் இந்த மூன்று விதிகளையும் 23ஆம் பிரிவில் ஒன்றாக்கியது, கருத்து மாறவில்லை.

பாதைகள் பிரிவது பயங்கரவாதச் சட்டங்களில். இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவி பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை ஏற்கிறது. மிரட்டியோ அடித்தோ வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. இந்தியாவின் 1987ஆம் ஆண்டு தடா சட்டமும் 15ஆம் பிரிவில் காவல் கண்காணிப்பாளர் பதிவுசெய்த ஒப்புதலை ஏற்றது. ஆனால், அது மனமுவந்து சொல்லப்பட்டதுதானா என்று கேட்டறியும் கடமையைப் பதிவுசெய்யும் அதிகாரி மேல் வைத்தது. 1994-இல் கர்தார் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லும் என்று சொன்னாலும், ஒப்புதலைச் சொன்னவரின் மொழியிலேயே எழுத வேண்டும், அவரைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்றது.

நிரூபிக்கும் பொறுப்பை இடம் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையின் சிங்கராசா வழக்கு போதும். தமிழ் மட்டுமே தெரிந்த அந்த மட்டக்களப்பு இளைஞரின் ஒப்புதலை 1993-இல் பதிவுசெய்தபோது, உடனிருந்தவர்கள் ஓர் உதவி பொலிஸ் அத்தியட்சகரும் ஒரு கான்ஸ்டபிளும்தான். மொழிபெயர்த்தவரும் அந்தக் கான்ஸ்டபிள், தட்டச்சு செய்தவரும் அவரே. சிங்களத்தில் இருந்த தாளில் சிங்கராசாவின் பெருவிரல் அடையாளம் விழுந்தது. முதுகிலும் கண்ணிலும் தழும்புகள் இருப்பதாக மருத்துவ அறிக்கை சொன்னது. கொழும்பு மேல் நீதிமன்றமோ, நீதவானிடம் (மாஜிஸ்திரேட்டிடம்) அப்போதே முறையிடவில்லையே என்று கேட்டது. அவரைப் பிடித்து வைத்திருந்தவர்களே நீதவான் முன் கொண்டுவந்து நிறுத்தும்போது, அவர் யாரை நம்பி முறையிட்டிருக்க முடியும்? அந்த ஒப்புதலைக் கொண்டே 50 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் கிடைத்ததெல்லாம், 50 ஆண்டு 35 ஆனது மட்டும்தான். இது நியாயமான விசாரணை அல்ல என்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004-இல் சொன்னது. அக்குழுவின் முறையீட்டு அதிகாரத்தை இலங்கை ஏற்றதே அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006-இல் கதவைச் சாத்தியது.

இந்தியாவிலும் நிலைமை மெச்சும்படி இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கும் பூந்தமல்லி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1999-இல் மேல்முறையீட்டை விசாரித்த உச்ச நீதிமன்றம், இது தடா குற்றமே அல்ல என்றது. அப்படியிருந்தும், தடாவின்கீழ் வாங்கிய ஒப்புதல்களைக் கொலைக் குற்றத்துக்குச் சான்றாக வைத்துக்கொண்டது. சட்டம் பொருந்தாது, அச்சட்டம் தந்த சான்று மட்டும் பொருந்தும் என்ற அந்தத் தர்க்கத்தை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. மரண தண்டனை உறுதியான நால்வரில் ஒருவர் பேரறிவாளன். குண்டுக்காக வாங்கிக்கொடுத்ததாகச் சொல்லப்பட்ட பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். மேல்முறையீட்டு நீதிபதிகள் படித்த தாளில் அந்த வாக்கியம் இல்லை. பேரறிவாளன் 2022 மே மாதம்தான் விடுதலையானார்.

மேல்முறையீட்டின் அடிப்படைக் குறையே இங்குதான் இருக்கிறது. அந்த நீதிமன்றம் ஆளைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறது. தானே குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்கு அந்த வழியும் குறுகிவிடுகிறது. இந்தியாவில் செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் தவிர வேறெதையும் மேல்முறையீட்டில் கேட்க முடியாது. இலங்கையில், கொலைக் குற்றத்தை ஒருவர் ஒப்புக்கொண்டாலும் நீதிபதி அதை ஏற்க மறுத்து வழக்கை நடத்தலாம். நல்ல ஏற்பாடு இது. ஆனால், விளக்கமறியலில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த தமிழ்க் கைதிகள், வெளியே வர இதுவே குறுக்குவழி என்று குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அங்கேதான் நடந்தது.

தடா 1995-இல் காலாவதியானது, அதற்குப் பின் வந்த பொடா சட்டம் 2004-இல் ரத்தானது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலை ஏற்கும் அதே வழி மகாராஷ்டிரத்தின் மோக்கா சட்டத்தில் இன்னும் திறந்திருக்கிறது. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் அப்படி வாங்கிய ஒப்புதல்களை நம்ப மறுத்து, 12 பேரையும் 2025 ஜூலையில் மும்பை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் ஐவர் மரண தண்டனைக் கைதிகள். 19 ஆண்டுகள் போயிருந்தன. அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்று சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ மூன்று ஆண்டுக்கெனத் தற்காலிகமாக வந்து, 1982-இல் நிரந்தரமானது. 2022-இல் வந்த திருத்தமும் 16ஆம் பிரிவைத் தொடவில்லை. அந்தப் பிரிவை இலங்கை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். புதிய சட்டம் எந்தப் பெயரில் வந்தாலும் அதில் மீண்டும் நுழைக்கக் கூடாது. மோக்கா வைத்திருக்கும் மகாராஷ்டிரத்துக்கும், அதேபோல் ஒரு சட்டம் வைத்திருக்கும் குஜராத்துக்கும் இதே கோரிக்கை. ஒப்புதல் சொல்ல விரும்புகிறவர் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லட்டும். அந்த வழி இரு நாட்டுச் சட்டத்திலும் ஏற்கெனவே இருக்கிறது.