தங்கவயலின் இரும்பு

மின்காந்தம் எவ்வளவு எடை தூக்குகிறது என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் பார்ப்பது பேட்டரி இணைப்பை எடுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதை. ஒட்டியிருந்த குண்டூசிகள் அந்தக் கணமே பொலபொலவென்று உதிர வேண்டும். இரண்டு மூன்று தொங்கிக்கொண்டு நின்றால், சுருளுக்குள் இருக்கும் இரும்பு உள்ளகம் இன்னும் பக்குவப்படவில்லை.

தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைப் பழைய இரும்புக் கடையில், பாறை துளைத்த சுரங்கக் கம்பி கிடைத்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது கரிச்சத்து கூடிய கெட்டி எஃகு. ஏறிய காந்தத்தை லேசில் விடாது. கொத்தனார்கள் முறுக்கிக் கட்டும் கட்டுக்கம்பிதான் சரியான சரக்கு. ஒரே நீளமாக நறுக்கி, செக்கச் சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் போடக் கூடாது. மெல்ல ஆறும்போதுதான் இரும்புக்குள் இருக்கும் இறுக்கம் தளரும். காந்தம் ஏறவும் இறங்கவும் தடை குறையும். பிறகு கம்பிகளுக்கு வார்னிஷ் பூசிக் கத்தையாகக் கட்டுவது. பேட்டரிக்குப் பதில் மாறுமின்னோட்டம் கொடுத்தால் முழு இரும்புத் துண்டு சுழல் மின்னோட்டங்களால் சூடேறும். கத்தையில் ஒவ்வொரு வார்னிஷ் பூச்சும் அவற்றுக்கு ஒரு வேலி.

இரும்புத்தூளைப் பசையில் குழைத்து வார்ப்பவர்களும் உண்டு. நினைத்த வடிவம் வரும். ஆனால் துகள்களுக்கிடையே நிற்கும் பசை, காந்தப் பாய்வைப் பொறுத்தவரை வெறும் காற்றுதான், இழுவை நோஞ்சானாகிவிடும். என் ஓட்டு கட்டுக்கம்பிக்கே.

1825-ல் வில்லியம் ஸ்டர்ஜன் செய்த மின்காந்தமும் வீட்டு வேலை போன்றதுதான். லாடமாக வளைத்த இரும்பு, எடை சுமார் 200 கிராம். செம்புக் கம்பிக்கு உறை இல்லாததால் இரும்புக்கே வார்னிஷ் பூசினார். அது 4 கிலோவைத் தூக்கியது.

இரும்பும் காந்தமும் தங்கவயலுக்குப் புதிதல்ல. 1965-ல் இங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் வளிமண்டல நியூட்ரினோ என்னும் துகளின் தடயத்தைக் கண்டார்கள். அந்த ஆய்வில் காந்தமேற்றிய இரும்பு கொண்ட நிறமாலைமானிகளும் இருந்தன. நியூட்ரினோ மோதலில் பிறக்கும் மியூயான் என்ற துகள் அந்த இரும்புக்குள் எந்தப் பக்கம் வளைகிறதோ, அதை வைத்து அதன் மின்சுமை நேரா எதிரா என்று அறியலாம். இரும்பு அங்கே சுமை தூக்கவில்லை. துகளை வளைத்துக் காட்டியது. மதுரையில் மியூயான்களைப் பதிவுசெய்ய நிற்கும் 85 டன் சிறிய கருவியிலும் இதே உத்திதான்: அடுக்கிய தகடுகள், சுற்றிலும் செம்புச் சுருள்கள், காந்தப் புலம். தகடுகளுக்குத் தேர்ந்தெடுத்தது மென்னிரும்பு.