அசையாத அலைகள்: சிங்கப்பூர் அரூபக் கலையில் காட்சிப்பிழை

சிங்கப்பூரில் காட்சிப்பிழையையே கருப்பொருளாகக் கொண்ட அரூப ஓவியம், ஆன்டனி பூனின் (1945–2006) 'அலை' வரிசையில்தான் முழு உருவம் பெற்றது. நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பயின்ற பூன், 1960களின் இறுதியில் லண்டன் பையம் ஷா கலைப்பள்ளியில் சேர்ந்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1965இல், நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 'தி ரெஸ்பான்சிவ் ஐ' என்ற கண்காட்சியால் 'ஆப் ஆர்ட்' என்னும் காட்சிப்பிழைக் கலைப் போக்கை உலகறியச் செய்திருந்தது. இங்கிலாந்தில் ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் கறுப்பு வெள்ளைக் கோடுகள் பெரிதாகப் பேசப்பட்ட காலம் அது. ஊர் திரும்பிய பூன், 1970களின் நடுப்பகுதியில் அலைகளை வரையத் தொடங்கினார்.

ரைலியின் கோடுகள் கண்ணைக் கூசவைப்பவை. பூனின் அலைகளோ மெல்ல எழுந்து மெல்ல அடங்குபவை. ஒரே நிறம் வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை படிப்படியாக மாறிச் செல்லும் பட்டைகளை அவர் அளவு பிசகாமல் அடுக்கினார். தட்டையான துணி புடைத்தும் குழிந்தும் தெரிந்தது. இது ஏன் நிகழ்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் பிறந்து சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனின் ஆய்வு தெளிவாக்குகிறது. ஒளி மேலிருந்தே விழுகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. ஆகவே மேற்புறம் வெளிச்சமான வட்டம் மேடாகவும், கீழ்ப்புறம் வெளிச்சமான வட்டம் பள்ளமாகவும் தெரிகிறது என்று 1988இல் வெளியான அவரது ஆய்வு காட்டியது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மேடு பள்ளமாகிவிடும். மூளையின் இந்த ஊகத்தைத்தான் பூன் கருவியாக்கினார்.

1980களில் அவர் எடுத்த அடுத்த அடி இன்னும் துணிச்சலானது. கான்வாசின் அடியில் வளைந்த சட்டங்களைப் பொருத்தி, துணியை உண்மையாகவே முன்னே தள்ளினார். தீட்டிய நிழலும் உண்மையான நிழலும் ஒரே பரப்பில் கலந்தன. எது எது என்று பிரிக்க, பார்ப்பவர் இடமும் வலமுமாக நகர வேண்டியிருந்தது. பூனின் சாதனைகளில் முதன்மையானது இதுவே. 1990இல் அவர் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் பெற்றார்.

பார்ப்பவரின் நகர்வையே படைப்பின் மையமாக்கியவர் சிங்கப்பூர்க் கலைஞர் மேத்யூ இங்குய். அவரது படைப்பில் இடம் முழுவதும் சிதறிக் கிடக்கும் துண்டுகள், ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நின்று பார்த்தால் மட்டும் நாற்காலியாகச் சேரும். ஓரடி நகர்ந்தால் நாற்காலி கலைந்துவிடும். 1997இல் ஜெர்மனியின் டாக்குமென்டா கண்காட்சியிலும், 2001இல் வெனிஸ் பினாலேயில் சிங்கப்பூரின் முதல் அரங்கிலும் அவர் பங்கேற்றார்.

2003இல் திறக்கப்பட்ட வடக்கு-கிழக்கு ரயில் பாதை, இத்தகைய கலையைக் கூடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. போத்தோங் பாசிர் நிலையத்தில் இங்குயின் 'பாயின்ட் ஆஃப் வியூ' இருக்கிறது. லிட்டில் இந்தியா நிலையத்துக்குக் கலைஞர் எஸ். சந்திரசேகரனும், அன்று பாதையின் கடைசி நிறுத்தமாக இருந்த பொங்கோலுக்குக் கோ பெங் குவானும் படைப்புகள் தந்தனர். நியூயார்க்கில் பயின்று, துண்டுகளை ஒட்டிச் சேர்க்கும் அரூப முறையில் பெயர்பெற்ற கோவின் பொங்கோல் படைப்புக்கு 'வாட்டர் வேஸ்' என்று பெயர். அதைக் காட்சிப்பிழைக் கலை என்று வகைப்படுத்துவது பொருந்தாது. ஆனால் நிலையச் சுவரில் உள்ள அரூபப் படைப்பு எதையும் பயணி நடந்தபடியேதான் பார்க்கிறார். நின்று பார்க்கும் கண்ணுக்கும் நடந்துகொண்டே பார்க்கும் கண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்த்துவது, பூன் தொடங்கிய தேடலின் நேர்த்தொடர்ச்சி.

அண்மைக் காலத்தில் இத்துறை சாயத்தைவிட ஒளியையே அதிகம் நாடுகிறது. 2013 சிங்கப்பூர் பினாலேயில் கலைஞர் சூசன் விக்டர், தேசிய அரும்பொருளகத்தின் உள்ளேயே கதிரொளியும் நீர்த்துளிகளும் கொண்டு வானவில்லை உண்டாக்கினார். வானவில் ஏறக்குறைய 42 பாகைக் கோணத்தில் கண்ணை வந்தடையும் ஒளி. ஆதலால் அருகருகே நிற்கும் இருவர்கூட ஒரே வில்லைக் காண்பதில்லை. 2018 நவம்பரில் தேசிய கலைக்கூடத்தில் தொடங்கிய மினிமலிசக் கண்காட்சியில், கலைஞர் ஓலாஃபுர் எலியாசனின் மஞ்சள் விளக்கறை எதிர்த்திசையில் சென்றது. ஒற்றை அலைநீள ஒளியில் மஞ்சளும் கறுப்பும் தவிர வேறு நிறம் தெரியாது. உள்ளே நுழைந்தவர்களின் உடைகளும் முகங்களும் நிறமிழந்தன.