எர்த் முதல் கண்டன்சர் வரை: எலக்ட்ரிக் கிட்டார் வயரிங்கில் பாணிகள்

பெரியநாயக்கன்பாளையத்தில் காயில் என்றால் யாருக்கும் மோட்டார்தான் ஞாபகம் வரும். 1932இல் பைக்காரா மின்சாரம் மலையிறங்கியது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்து காட்டினார்கள். 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸைச் சுற்றி எங்கள் ஊரில் லேத்துப் பட்டறைகளும் ரீவைண்டிங் கடைகளும் வரிசை கட்டின. உள்ளூர் பாலிடெக்னிக்கில் படித்தவருக்கும் சரி, கடையில் எடுபிடியாக நின்று கற்றவருக்கும் சரி, காந்தமும் செப்புக்கம்பியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று இங்கே யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எலக்ட்ரிக் கிட்டாரின் வயரிங்கைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் கட்சி.

பிக்கப் என்பது காந்தத்தின் மேல் சுற்றிய காயில். எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் அசைகிறது. காயிலில் மில்லிவோல்ட் கணக்கில் மின்சாரம் பிறக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் ஒன்றில் ஏறத்தாழ 8,000 சுற்று. கம்பி அமெரிக்கக் கணக்கில் 42 கேஜ், நம் கடைக் கணக்கில் 46 கேஜுக்குப் பக்கம், 0.06 மி.மீ. சொச்சம், தலைமுடி கனம். மோட்டாருக்கு 22 கேஜ் இழுத்துக் கட்டிப் பழகிய அண்ணன் ஒருவர் இந்தக் கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, இதையக் கட்டறதுங்களா, ஊதறதுங்களா?” என்றார். அவர் கேட்ட அடுத்த கேள்விதான் தொழில்காரன் கேள்வி: “வார்னிஷ் போடுவீங்களா?” மோட்டார் காயிலை வார்னிஷில் முக்கிச் சூடேற்றி இறுக்குகிறோம். பிக்கப் காயிலைப் பெரும்பாலும் பாரஃபினும் தேன்மெழுகும் கலந்த மெழுகில் முக்குகிறார்கள். சுற்றுகள் தளர்ந்து நடுங்கினால் ஆம்ப்ளிஃபயரில் கீச்சென்று ஊளையிடும், அதைத் தடுக்கத்தான். மெழுகு கொஞ்சம் அதிகம் காய்ந்துவிட்டால் பிளாஸ்டிக் பாபின் வளைந்துபோகும். எண்ணெய்ச் சட்டி போல அடுப்பில் வைத்துவிட்டு நகர முடியாது.

பிக்கப்பிலிருந்து ஜாக் வரை இடையில் இருப்பவை ஒரு சுவிட்ச், வால்யூமும் டோனுமாகச் சில கன்ட்ரோல்கள், ஒன்றிரண்டு கண்டன்சர், அவ்வளவே. இந்தச் சில்லறைச் சாமான்களை இணைக்கும் விதத்தில் எழுபது ஆண்டுகளில் பாணிகள் உருவாகி, வாரிசுகளும் வந்து, சண்டையும் நடக்கிறது. வீணைக்குத் தஞ்சாவூர் பாணி, மைசூர் பாணி என்று பேசுகிறவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

முதலாவது ஃபுல்லர்ட்டன் பாணி. லியோ ஃபெண்டர் அடிப்படையில் ரேடியோ ரிப்பேர்காரர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் கடை வைத்திருந்தார். 1950இல் வந்த பிராட்காஸ்டர், அடுத்த ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். எளிதில் கழற்றி மாட்டும்படி எல்லாவற்றையும் ஒரே தகட்டில் தொங்கவிட்டதில் ரிப்பேர்காரரின் மூளை தெரியும். ஸ்ட்ராட்டில் மூன்று ஒற்றைக்காயில் பிக்கப்புகள், ஒரு வால்யூம், இரண்டு டோன். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்புக்கு மட்டும் டோனே கிடையாது. சுவிட்ச் மூன்று நிலைக்காரன். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைக்கு நடுவே நிறுத்தி இரண்டு பிக்கப்பைச் சேர்த்து ஒலிக்கவிட்டார்கள். அந்த உள்ளொடுங்கிய ஒலிக்குப் பைத்தியமானவர்கள் ஏராளம். கம்பெனி ஐந்து நிலை சுவிட்சைக் கொடுத்தது 1977இல். இருபது ஆண்டுகளுக்கு மேலாக வித்வான்கள் செய்துவந்ததை இலக்கணம் பின்னால் வந்து ஏற்றுக்கொண்ட கதை இது.

இரண்டாவது, மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ பாணி, அதாவது கிப்ஸன். 1952இன் லெஸ் பாலில் பிக்கப்புக்கு ஒரு வால்யூம், ஒரு டோன் என நான்கு குமிழ்கள். அங்கே வேலைபார்த்த செத் லவர் 1955இல் காப்புரிமைக்கு எழுதிப்போட்ட ஹம்பக்கர் 1957இல் இந்தக் கிட்டாரில் ஏறியது. இரண்டு காயில்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தமுனையையும் எதிரெதிராக வைத்தால் வெளியிலிருந்து நுழையும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்கிறது, தந்தியின் ஒலி மட்டும் கூடுகிறது. ஏமாற்று வேலை போலத் தோன்றும். மீட்டர் வைத்துப் பார்த்தால் சத்தியம். விலையும் உண்டு. ஒற்றைக்காயிலின் மேல்ஸ்தாயிப் பளபளப்பு இதில் கொஞ்சம் மங்கும். அதை மீட்கத்தான் ஃபெண்டர் பக்கம் 250 கிலோ ஓம் வால்யூம் என்றால் இங்கே 500. குமிழை முழுக்கத் திறந்து வைத்தாலும் அந்த ரெசிஸ்டன்ஸ் எர்த்துக்குப் பாரமாகத் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எண் பெரிதானால் கசிவு குறையும், மேல்ஸ்தாயி தங்கும்.

கலமஸூ பாணிக்குள் ஓர் உட்பிரிவும் உண்டு. டோன் கண்டன்சரை வால்யூமின் உள்வாயிலில் சேர்ப்பதா, நடுக்காலில் சேர்ப்பதா? 1950களில் நடுக்காலில் சேர்த்தார்கள். அப்போது வால்யூமைக் குறைத்தாலும் ஒலி மந்தமாகாது. பின்னால் வந்த முறையில் குறைக்கக் குறைக்கக் கம்பளி போர்த்தியதுபோல் ஆகிவிடும். ஒரே ஒரு ஒயர் இடம் மாறுவதில் இவ்வளவு. நான் பழைய கட்சி. ஃபெண்டர்காரர்கள் இதே வியாதிக்கு வேறு மருந்து வைத்திருக்கிறார்கள்: வால்யூமின் உள்வாயிலுக்கும் நடுக்காலுக்கும் குறுக்கே 0.001 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும். ட்ரெபிள் பிளீட் என்பார்கள். எல்லாக் கிட்டாருக்கும் ஒத்துவராது. சிலவற்றில் வால்யூம் குறைந்ததும் ஒலி கரகரவென்று மெலிந்துவிடும்.

மற்றவை தனித்தனிக் கிட்டார் கலைஞர்களின் பாணிகள். பிரையன் மே 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்பு மாடத்து மரத்தில் கிட்டார் செய்யத் தொடங்கினார். அதில் மூன்று பிக்கப்புக்கும் தனித்தனி ஆன்-ஆஃப், தனித்தனி ஃபேஸ் சுவிட்ச், இணைப்பும் சீரீஸில். நேர் எதிர்முனையில் எடி வான் ஹாலன்: ஒரு ஹம்பக்கர், ஒரே ஒரு வால்யூம். அந்தக் குமிழின் மேல் ‘டோன்’ என்று எழுதியிருந்தது என்பது உபரித் தகவல். பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பாலில் கழுத்துப் பக்கப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாகிப்போனது. இரண்டு பிக்கப்பும் சேர்ந்தால் மூக்கடைத்த ஒலி. குறை என்று ஒதுக்கியிருக்க வேண்டியதை ஒரு பாணியாகவே நிறுத்திவிட்டார். அந்தக் கிட்டார் பிறகு கேரி மூரிடமும் கர்க் ஹேமட்டிடமும் போனது. 9 வோல்ட் பேட்டரி போட்டு 25 கிலோ ஓம் வால்யூமில் ஓடும் இ.எம்.ஜி. வகைப் பிக்கப்பும் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகிறேன்.

நம் பக்கத்தில் பிக்கப்புக்கு ஒரு பெரிய பிள்ளை உண்டு, கிட்டாரில் அல்ல. பாலகொல்லில் 1969இல் பிறந்த உ. ஸ்ரீநிவாஸ் மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்தியும் பிக்கப்பும் உள்ள கட்டை மாண்டலினை எடுத்துக்கொண்டார். இரட்டைத் தந்தியைச் சேர்த்து இழுத்து கமகம் கொடுப்பது கஷ்டம். கூடு மாண்டலினில் நாதம் சீக்கிரம் செத்துவிடும். காயிலும் ஆம்ப்ளிஃபயரும் நாதத்தை நிறுத்திவைத்ததால்தான் விளம்ப காலத்து ராக ஆலாபனை அதில் சாத்தியமாயிற்று. எலக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா, 2006இல் ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று ஒரு ஆல்பமே வெளியிட்டார். இந்த வாசிப்புக்குத் தேவையான வயரிங் ராக் வாசிப்பவர்களுக்குத் தேவையானது அல்ல. கமகத்தில் தந்தி ஓயாமல் பக்கவாட்டில் நகர்கிறது. ஒவ்வொரு தந்திக்கும் தனிக் காந்தத் தூண் வைத்த பிக்கப்பில், இழுத்த தந்தி தூணைவிட்டு விலகும்போது ஒலி கொஞ்சம் தேயலாம். நீளக் காந்தப்பட்டை வைத்த பிக்கப் இதற்குத் தோது. வால்யூம் சுண்டுவிரல் எட்டும் தூரத்தில் இருந்தால், மீட்டும் அடியை மறைத்து ஸ்வரத்தை வயலின் வில்போல மெல்ல எழுப்பலாம். ஃபுல்லர்ட்டன் பாணியில் குமிழ் அங்கேதான் இருக்கிறது. கலமஸூவில் கை நீண்டு போக வேண்டும். கமகம் வாசிப்பவர் என்னைக் கேட்டால் நான்கு குமிழை விட எட்டுகிற ஒரு குமிழ் மேல் என்பேன்.

இனி தரம். ஃபுல்லர்ட்டனின் இரைச்சல் 60 சைக்கிள், நம்முடையது 50. ஸ்வரம் மாறினாலும் தொல்லை ஒன்றுதான். கொங்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் சீரியல் லைட், டிம்மர், ஜெனரேட்டர் எல்லாம் ஒரே போர்டில். சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவதுக்குள் ஒயரே போயிருக்காது. ஒற்றைக்காயில் கிட்டாரைச் செருகினால் மண்டபமே ரீங்கரிக்கும். தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறையும். வாசிப்பவரின் உடம்பு பிடிக்கும் இரைச்சல் பிரிட்ஜ் வழியாக எர்த்துக்கு இறங்குவதால். அந்த பிரிட்ஜ் ஒயர் சரியாக இருப்பதே முதல் பரீட்சை. ஆனால் ஆம்ப்ளிஃபயருக்கோ மைக்குக்கோ எர்த் இல்லாதபோது அதே ஒயர் ஆளையே பலிவாங்கும்: 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸியில் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். மேடையேறுமுன் டெஸ்டர் வைத்துப் பார்ப்பதைக் கோழைத்தனம் என்று யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

கிட்டாரின் குடைவுக்குள் செப்புத் தகடு ஒட்டி எர்த்தில் சேர்ப்பது அடுத்தது. சமையலறை அலுமினியத்தாளில் ஈயம் பிடிக்காது. தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தொடர்பு இருக்கிறதா என்று மீட்டரைக் கூவவைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஈயம். வால்யூமின் முதுகில் எர்த் ஒயரைப் பற்றவைப்பதில்தான் ஆளின் கை தெரியும். அந்தத் தகடு சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். 25 வாட் அயர்னை வைத்துக்கொண்டு அரை நிமிடம் தேய்த்தால் உள்ளேயிருக்கும் கார்பன் தடம் வெந்துபோகும், வெளியே ஈயம் உருண்டையாக நிற்கும். உப்புத்தாளால் சுரண்டி, 60 வாட் அயர்னைச் சட்டென்று வைத்து, ஈயம் படர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். படர்ந்தால் பளபளக்கும், உருண்டை நின்றால் டிரை சால்டர். தகரவேலைக்காரர்கள் பூசும் ஆசிட் பேஸ்டை உள்ளே விடவே கூடாது. ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும்.

விலை உயர்ந்த எண்ணெய்க் கண்டன்சர் போட்டால் பழைய கிட்டாரின் ஒலி வரும் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. 0.022 என்றால் 0.022தான்; சில்லறைக் காசுக்கு வாங்கும் பாலியெஸ்டர் அதே வேலையைச் செய்யும். காசைச் செலவிட வேண்டிய இடம் வால்யூம் கன்ட்ரோல். அதில் இருபது சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம், 500 என்று வாங்கியது 410 காட்டும். கடையிலேயே மீட்டர் வைத்துப் பொறுக்கி எடுப்பவரைக் கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை. பிக்கப்பை மட்டும் ஓம் கணக்கில் எடைபோடாதீர்கள். பத்தாயிரம் காட்டுகிறது என்பதற்காக அது ஆறாயிரத்தைவிட உயர்ந்ததல்ல. மெல்லிய கம்பி சுற்றினாலும் எண் ஏறும்.

கடைசியாக, கிட்டாரில் புதுத் துளை போடுவது எனக்குச் சம்மதமில்லை. ஹம்பக்கரின் ஒரு காயிலை அடைத்து ஒற்றைக்காயில் ஒலி வேண்டுமா, இழுத்தால் மாறும் புஷ்-புல் வால்யூமைப் பழைய துளையிலேயே போட்டுக்கொள்ளலாம். பழைய சாமான்களை ஒரு பையில் கட்டி உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். மூடியின் உட்பக்கம் எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று எழுதி ஒட்டுவதும் அவசியம்: செய்மோர் டங்கன் கம்பெனியின் ஹம்பக்கரில் கறுப்பு ஒலிக்கு, பச்சை எர்த்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சேர்த்துக் கட்ட வேண்டும், டிமார்ஸியோ கம்பெனியுடையதில் சிவப்பு ஒலிக்கு, பச்சை எர்த்துக்கு, கறுப்பும் வெள்ளையும் சேர்ந்திருக்கும். எழுதி ஒட்டாமல் மூடினால் அடுத்துத் திறப்பவர் ஒவ்வொரு ஒயரையும் மீட்டர் வைத்துத் தேட வேண்டிவரும், தேடும்போது நம்மைத்தான் வைவார்.