ஃப்ரிட்ஜை நகர்த்தியது யார்? – ‘அட்டாமிக் ஹாபிட்ஸ்’ பற்றிச் சில குறிப்புகள்

ஜேம்ஸ் கிளியரின் ‘அட்டாமிக் ஹாபிட்ஸ்’ 2018-ல் வந்தது. இன்றைக்கு எந்த ஆபீசுக்குப் போனாலும் யாராவது ஒருவர் மேஜையில் அது கண்ணில் படும். உடம்பைப் பார்த்துக்கணும்னு முடிவெடுத்தவர்கள் முதலில் வாங்குவது ஷூ, அடுத்தது இந்தப் புத்தகம். நானும் படித்தேன். நல்ல புத்தகம்தான். ஆனால் காலையில் ஒன்பதரைக்கு உட்கார்ந்து ராத்திரி எட்டரைக்கு எழுந்திருக்கிற ஆளுக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்ற கேள்வியோடு படித்தால் ஓர் இடத்தில் இடிக்கிறது. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். “உனக்கு மன உறுதி போதாது” என்று கிளியர் யாரையும் திட்டுவதில்லை. சின்னதாகத் தொடங்கு, ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு புதியதைச் சேர்த்து மாட்டு, நல்லதைக் கண்ணில் படுகிற மாதிரி வை, கெட்டதை எட்டாத இடத்தில் வை, ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாளும் விடாதே. இவ்வளவுதான் சாரம்.

இதற்கு ஆய்வுப் பின்புலமும் இருக்கிறது. “21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்” என்று எல்லோரும் சொல்கிறோமே, அது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. ஆபரேஷன் முடிந்தவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். அதற்கும் வாக்கிங் போவதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்து வெளியிட்ட ஆய்வில், பழக்கம் படிய ஆன நாட்களின் இடைநிலை மதிப்பு 66. ஆளுக்கு ஆள் அது 18-லிருந்து 254 வரை வேறுபட்டது. சாப்பிடுவது, குடிப்பது பற்றிய பழக்கங்களைவிட உடற்பயிற்சிக்குச் சுமார் ஒன்றரை மடங்கு காலம் பிடித்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

சரி, சிக்கல் எங்கே?

புத்தகத்தில் எனக்குப் பிடித்த கதை பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை கேன்டீன் கதை. ஆன் தார்ன்டைக் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் சாப்பிட வந்தவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் சோடா மட்டும் இருந்த ஃப்ரிட்ஜ்களில் தண்ணீர் பாட்டிலையும் வைத்தார்கள். சாப்பாடு வாங்கும் இடங்களிலெல்லாம் கூடையில் தண்ணீர் வைத்தார்கள். மூன்று மாதத்தில் சோடா விற்பனை 11.4 சதவீதம் குறைந்தது. தண்ணீர் விற்பனை 25.8 சதவீதம் கூடியது. 2012-ல் வெளிவந்த மூல ஆய்வுக் கட்டுரையைப் பார்த்தால், இதற்கு முந்தைய கட்டத்திலேயே உணவுகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போக்குவரத்து சிக்னல் மாதிரி லேபிள் ஒட்டியிருக்கிறார்கள். அதிலேயே சிவப்பு லேபிள் பானங்களின் விற்பனை 16.5 சதவீதம் இறங்கியிருக்கிறது.

இப்போ என் கேள்வி: ஃப்ரிட்ஜை நகர்த்தியது யார்? லேபிள் ஒட்டியது யார்? சாப்பிட வந்த நர்ஸா, வார்டு பாயா? இல்லை. அந்தக் கேன்டீன் யார் கையில் இருந்ததோ, அந்த மருத்துவமனைதான் செய்தது. ஆனால் கிளியர் இந்தக் கதையிலிருந்து எடுக்கும் பாடம் “உன் சூழலை நீயே வடிவமைத்துக்கொள்” என்பது. வீட்டுச் சமையலறைக்கு அது சரி, அங்கே முறுக்கு டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்ற என்னால் முடியும். ஆபீஸ் கேன்டீனில் நாலு மணிக்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் பஜ்ஜித் தட்டு வந்து உட்காருவதை நான் எப்படி மாற்றுவது? நிர்வாகம் ஒன்று செய்து வெற்றி கண்டதை எடுத்து, தனி ஆளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறது புத்தகம். எனக்கு இடிக்கும் இடம் இதுதான்.

இரண்டாவது, நேரம். பழையதன் மேல் புதியதை மாட்டு என்றால், மாட்டுவதற்கு ஆடாத ஆணி ஒன்று வேண்டும். (ஐடிக்காரர்கள் தினமும் பிடுங்குகிற ஆணி அல்ல, சுவரில் அடிக்கிற ஆணி.) லாலியின் ஆய்விலும் ‘காலை உணவுக்குப் பிறகு’ என்கிற மாதிரி தினமும் தவறாமல் வரும் ஒரு தருணத்தோடுதான் புதிய பழக்கத்தைக் கட்டினார்கள். நெருக்கடியான ஆபீஸ் வேலையில் முதலில் ஆட்டம் காண்பது அந்தத் தருணம்தான். ‘மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷ நடை’ என்று எழுதி ஒட்டிவிடலாம். சாப்பாடு இன்னிக்கு ஒரு மணிக்கு, நாளைக்கு மூணரைக்கு, நாளன்னிக்கு மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே சாண்ட்விச் என்றால் எதில் மாட்டுவது?

இதைச் சோம்பேறியின் சாக்கு என்று ஒதுக்க முடியாது. லண்டன் அரசு ஊழியர்கள் 10,308 பேரை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவருகிறது ‘ஒயிட்ஹால் 2’ ஆய்வு. இதிலிருந்து 2006-ல் ஒரு கட்டுரை வந்தது. இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் கூட்டாகக் கெடும் நிலை, நாள்பட்ட வேலை அழுத்தத்தில் இருந்தவர்களுக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் காணப்பட்டது. அழுத்தம் என்று அவர்கள் கணக்கிட்டது எதை என்பது முக்கியம்: வேலைப் பளு அதிகம், அந்த வேலையின் மேல் தன் கட்டுப்பாடு குறைவு, கைகொடுக்க ஆளில்லை. அதாவது எப்போது எழுந்திருக்கலாம் என்பதைக்கூடத் தானே முடிவு செய்ய முடியாத நிலை.

“அதான் கம்பெனியில் வெல்னஸ் புரோகிராம் நடத்துறாங்களே” என்று கேட்கலாம். அமெரிக்காவில் ஒரு பெரிய மொத்த விற்பனைக் கடைத் தொடரில் சுமார் 33,000 ஊழியர்கள் வேலை செய்த 160 கிளைகளை எடுத்து, குலுக்கல் முறையில் 20 கிளைகளில் மட்டும் இப்படி ஒரு திட்டத்தை நடத்தினார்கள். சத்துணவு, உடற்பயிற்சி, மன அழுத்தம் குறைப்பது என்று பாடங்கள். 18 மாதம் கழித்து, “தவறாமல் உடற்பயிற்சி செய்கிறேன்” என்று சொன்னவர்கள் அந்த 20 கிளைகளில் 8.3 சதவீதப் புள்ளிகள் அதிகம். ஆனால் எடை, ரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, லீவு எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இது 2019-ல் வெளிவந்தது. மூன்று ஆண்டு வரை நீட்டிப் பார்த்தபோதும் அதே கதைதான். பாடம் நடந்தது, வேலை நடக்கும் விதம் அப்படியே இருந்தது. என் வாசிப்பில் கோளாறு அங்கேதான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் பழைய லண்டன் பஸ். 1953-ல் ஜெரி மாரிஸ் குழு, மாடி பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டது. நாள் முழுக்கப் படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட இதய நோய் குறைவாக இருந்தது. முழுக் காரணமும் படிக்கட்டு அல்ல. வேலைக்குச் சேரும்போதே டிரைவர்களின் இடுப்புச் சுற்று பெரிது என்று சீருடை அளவுகளை வைத்து அதே குழு 1956-ல் எழுதியது. இருந்தாலும் ஒன்று நிச்சயம்: அந்தக் கண்டக்டர்கள் யாரும் புத்தாண்டுச் சபதம் எடுத்துப் படி ஏறவில்லை. டிக்கெட் கொடுக்கணும், ஏறினார்கள். வேலையே அப்படி இருந்தது.

அப்போ நாம கைகட்டி உட்கார வேண்டியதுதானா? வேண்டாம். கிளியரின் அறிவுரையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆணி அடிக்கிற இடத்தை மட்டும் மாற்றினால் போதும். ஆபீஸ் நகர்த்த முடியாத தருணங்கள் சில இருக்கின்றன. காலையில் காபி குடித்து டம்ளரை வைக்கும் நேரம். பஸ்சிலிருந்தோ கேபிலிருந்தோ இறங்கும் நேரம். ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும் நேரம். கடைசியில் சொன்னதற்கு ஆதாரமும் உண்டு. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகள் 41 பேர், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிஷம் நடந்தபோது, தோதுப்பட்ட நேரத்தில் அரை மணி நடந்ததைவிட, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவு. ராத்திரி உணவுக்குப் பிறகு இந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

சாப்பாட்டு விஷயத்திலும் இதே கணக்குதான். நாலு மணிப் பசியில் எடுக்கிற முடிவு பஜ்ஜியில்தான் போய் முடியும். அதனால் முடிவைக் காலையிலேயே எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டு போய்விடணும். வறுத்த கடலையோ சுண்டலோ மேஜை டிராயரில் இருந்தால், அந்த டிராயர் அளவுக்காவது சூழல் நம் கையில்.

மீதியை ஆபீசிடம் கேட்கத்தான் வேண்டும். ஒன்று முதல் இரண்டு மணி வரை மீட்டிங் வைக்காதே. படிக்கட்டுக் கதவைத் திறந்து விளக்குப் போட்டு வை. கல்லா பக்கத்தில் சுண்டலை வை, பஜ்ஜியை உள்ளே தள்ளி வை. பஜ்ஜியைத் தடை செய்யச் சொல்லவில்லை, இடம் மாற்றத்தான் சொல்கிறேன். யோகா தினத்துக்கு பேனர் அடிக்கும் செலவுகூட இதற்கு ஆகாது.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் கணக்குப்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். இத்தனை பேருக்கும் மன உறுதி இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், ஆனால் அதில் யாருக்கும் பயனில்லை. ‘அட்டாமிக் ஹாபிட்ஸ்’ படிக்காதவர்கள் படிக்கலாம். பரிசாகக் கொடுப்பதாக இருந்தால், கேன்டீன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் மீட்டிங் நேரம் குறிக்கிறவருக்கும் முதலில் கொடுங்கள். நீங்கள் படிக்க ஆரம்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதை ஒரு வாரம் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். எந்தப் பழக்கத்தை எங்கே மாட்டலாம், எங்கே மாட்டவே முடியாது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.