தலைமறைவிலிருந்து ஒரு சபையை நடத்திய மடல்கள்

உரோமைப் பேரரசின் குடிகள் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்ற தேசியு மன்னனின் ஆணை 250ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவில் கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது, கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்பிரியான் தலைமறைவானார். அதன்பின் ஓராண்டுக்கும் மேலாக அவர் தம் சபையை மடல்கள் வழியாகவே நடத்தினார்.

இம்மடல்களின் வலிமை, அறிவுரையைச் செயலோடு பிணைத்ததில் இருக்கிறது. கைம்பெண்கள், நோயாளிகள், ஏழைகள், வெளியூரார் ஆகியோரைத் தம் சொந்தப் பணத்திலிருந்து பேணச் சொல்லும் அவர், சிறைக்குக் கூட்டமாகச் சென்று அதிகாரிகளின் ஐயத்தைத் தூண்டாமல் மூப்பர்களும் திருத்தொண்டர்களும் முறைவைத்துச் செல்லட்டும் என்கிறார். சிறையில் இறந்தோரின் நாள்களைக் குறித்துவைக்கவும் கேட்கிறார். தூரத்திலிருந்தும் ஊரின் அன்றாடத்தை இவ்வளவு நுணுக்கமாக நினைத்துப் பார்க்க முடிந்ததே அவருடைய பெருமை.

ஆனால் மடலால் ஆணையிட முடிந்த அளவுக்கு, எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்க முடியவில்லை. மூப்பர்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இன்றி எதையும் செய்வதில்லை என்று உறுதிபூண்டிருந்த அவரே, மறைவிடத்திலிருந்து சபையில் மறைநூல் வாசிக்கும் வாசகர்களை நியமித்துவிட்டுப் பிறகு தெரிவிக்க நேர்ந்தது. உதவி பெறத் தகுந்தவர்களைக் கணக்கெடுக்கத் தம் சார்பாக ஆள்களை அனுப்பியபோது, ஃபெலிசிசிமுஸ் என்பவர் அதை வெளிப்படையாக எதிர்த்துப் பிரிவினைக்கே வழிகோலினார். எதிர்ப்பை அடக்க அனுப்பப்பட்ட கண்டன மடல்கள் பிளவை ஆற்றவில்லை.

பலியிட்டோ, பலியிடாமலே சான்றிதழ் மட்டும் வாங்கியோ விசுவாசத்தில் தவறியவர்களைச் சபையில் மீண்டும் சேர்ப்பதே எல்லாவற்றிலும் கடினமான கேள்வியாயிற்று. துன்புறுத்தலில் உறுதியாக நின்ற அறிக்கையாளர்கள், ஒருவரை அவருடைய குடும்பத்தாரோடு ஏற்றுக்கொள்ளுமாறு பரிந்துரைச் சீட்டுகளை எழுதிக்கொடுத்தனர். பெயரின்றி ‘குடும்பத்தார்’ என்று மட்டும் எழுதினால் இருபது முப்பது பேர்கூட நுழையலாம் என்று சிப்பிரியான் கண்டித்தது நியாயமே. சாகும் நிலையில் இருந்த சீட்டுக்காரர்களுக்கு மட்டும் இரங்கி, மற்றவர்களின் வழக்கைப் பொது ஆலோசனைக்கென்று அவர் ஒத்திவைத்தார். அந்தப் பொறுமைதான் அவர் மடல்களின் ஆகச் சிறந்த முடிவு எனலாம்; 251இல் கூடிய ஆயர் மன்றம், பலியிட்டவரையும் சான்றிதழ் மட்டும் வாங்கியவரையும் வேறுபடுத்தி ஆராய அதுவே இடம்தந்தது.

தாம் தலைமறைவானதை உரோமைச் சபை ஐயுற்றபோது, சிப்பிரியான் தாம் அனுப்பிய பதின்மூன்று மடல்களின் படிகளை அங்கே அனுப்பிவைத்தார். இது தற்காப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஓர் ஊரின் உள்விவகாரத்தை மற்றோர் ஊர் படித்து எடைபோடும் பழக்கத்தை அது வலுப்படுத்தியது. அவரை எதிர்த்த குரலும் மறையவில்லை: தவறியவர்கள் அனைவருக்கும் சபையோடு தாங்களே சமாதானம் வழங்கிவிட்டதாக அறிக்கையாளர்கள் அவருக்கு எழுதிய சில வரி மடலும் அவருடைய மடல் தொகுப்பிலேயே இன்றும் இருக்கிறது.